போபால்: பாதுகாவலன் கணக்குக் காட்டட்டும்!

போபால் வழக்கு முடிந்துபோன கதை என்போர் உளர். நாம் அதனை ஏற்க மறுக்கின்றோம்.

1984 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு, போபால் நகரில் யூனியன் காபைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 தொன் நச்சுவாயு வெளியேறியது. நஞ்சைக் குளிர்வித்து வைக்கும் இயந்திரம் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. குடிசைகளில் உறங்கிய ஏழைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர்.

1985இல் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. பாதிக்கப்பட்டோருக்காக வழக்காடும் உரிமை அதனால் அரசுக்கே உரியதாயிற்று. பெருங்கம்பனியோடு மோத ஏழைகளால் இயலாது என்றனர். உண்மைதான். ஆனால், 330 கோடி டொலர் கேட்ட அதே அரசு, 1989 பெப்ரவரியில் 47 கோடி டொலருக்கு இணங்கியது! கணவனை இழந்தவளிடமோ கண்ணை இழந்தவனிடமோ சம்மதம் கேட்கப்பட்டதா? இல்லை.

அந்த இணக்கம் ஏறத்தாழ 3,000 மரணங்களைக் கருதிச் செய்யப்பட்டது. பின்னர் நட்டஈட்டுக்கு ஏற்கப்பட்டவையோ ஐயாயிரத்துக்கும் மேல். பணம் போதாவிடின் குறையை அரசே ஈடுசெய்ய வேண்டுமென 1991இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. அரசோ 2010இல் கம்பனியிடம் மேலும் பணம் கோரி மன்றேறியது. 2023 மார்ச் 14ஆம் நாள் அம்மனு தள்ளப்பட்டது. எடுக்குமாறு பணிக்கப்பட்ட காப்புறுதியைக்கூட அரசு எடுக்கவில்லையென மன்றம் கண்டித்தது.

பராயமடையாத பிள்ளையின் காணியை விற்ற பாதுகாவலன் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்பது சட்டம். இலட்சக்கணக்கானோரின் உரிமையை விற்ற பாதுகாவலனுக்கு மட்டும் விலக்கு உண்டோ?

குற்றவியல் வழக்கின் முடிவு என்ன? 2010இல் இந்திய அதிகாரிகளுக்கு ஈராண்டுச் சிறை விதித்து, உடனே பிணையும் வழங்கினர். அமெரிக்கத் தலைவர் வாரன் அன்டர்சன் விசாரணைக்கே வராமல் 2014இல் இறந்தார்.

மண்ணின் வழக்கு வேறு. விபத்துக்கு முன்னரே கம்பனி வளவில் கொட்டிய கழிவு நிலத்தடி நீரில் கலந்தது. அன்றிரவு வாயுவைச் சுவாசிக்காதவனும் கிணற்று நீரால் நஞ்சுண்டான். நாற்பதாண்டு கழித்து, 2025இல், 337 தொன் கழிவை பீதம்பூருக்குக் கொண்டுசென்று எரித்தனர். அகன்றது மூட்டையில் கிடந்த நஞ்சு. மண்ணில் இறங்கியது அன்று.

நாம் இரக்கம் கேட்கவில்லை, கணக்குக் கேட்கின்றோம். நிலத்தையும் நீரையும் அரசு தன் செலவிலேனும் துப்புரவாக்கட்டும். குறைந்த நட்டஈட்டை நிறைவாக்கட்டும். பின்னர் கம்பனியைத் துரத்தட்டும். மக்களின் வாயை வாங்கிக்கொண்ட அரசு அவர்களின் நோயையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்!