வலியறிந்து வண்டி செலுத்துவோம்

புலம்பெயர்ந்த மண்ணில் நம் இளைஞர் ஒருவர் வீதி விபத்தில் மாண்டார் என்ற செய்தி வரும்போது, நம்மவர் வாயிலிருந்து முதலில் எழும் சொல் "விதி" என்பதாகும். "நேரம் சரியில்லை", "கண்ணூறு பட்டுவிட்டது" என்ற சொற்கள் அதனைத் தொடர்ந்து வரும். பெற்றவர்களின் துயரை ஆற்றுவதற்கு இச்சொற்கள் சிறிது உதவலாம். ஆயினும் "ஸ்போர்ட்ஸ் கார்" எனப்படும் அதிவலுவுள்ள கார் ஒன்று வளைவிலே வழுக்கிச் சென்று மரத்திலோ மதிலிலோ மோதும்போது அங்கே நடப்பது ஒரு கணக்கு. ஊரிலே கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தவன் என்ற முறையிலும், இன்று ஜேர்மனியில் வார இறுதி நாட்களில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையிலும், அந்தக் கணக்கை இம்மலரின் வாயிலாகப் பெற்றோர் முன்னும் மாணவர் முன்னும் வைப்பது என் கடமை எனக் கருதுகின்றேன்.

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். ஓடும் வண்டியின் இயக்கசக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது என்பதை உயர்வகுப்பு மாணவர் அறிவர். வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் சுவரில் மோதுவது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 100 கிலோமீற்றரில் அவ்வுயரம் 39 மீற்றராகும்; நம் ஊரின் நெடும்பனைகளின் வட்டுக்கும் மேலே அது செல்லும். 160 கிலோமீற்றரில் அது 100 மீற்றர்!

இந்நாட்டுச் சாரதிப் பயிற்சிப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால், ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கை அடையும் முன்னர் வண்டி ஓடிவிடும் தூரம் வரும். வேகத்தைப் பத்தால் வகுத்து வர்க்கித்தால், பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் வரும். 50 கிலோமீற்றர் வேகத்தில் 15, 25 ஆகிய இரண்டும் சேர்ந்து 40 மீற்றர். 100இல் 130 மீற்றர். 160இல் 304 மீற்றர். வேகம் மூன்று மடங்கைச் சற்றே தாண்டும்போது, நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏழு மடங்கையும் தாண்டிவிடுகிறது. இக்கணக்கை எழுதிச் சித்தியடைந்த பிள்ளைகளே, அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த மறுமாதம் அதனை மறந்துவிடுவதுதான் வேதனை.

அடுத்து, கட்டுப்பாடு என்பது எங்கே இருக்கிறது? இயந்திரத்தில் இல்லை. ஒரு கார் வீதியைத் தொடுவது நான்கு ரயர்களால் மட்டுமே. ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவினதே. ஆக, ஒன்றரைத் தொன் எடையுள்ள வண்டியையும் அதிலிருக்கும் உயிர்களையும் பிடித்து வைத்திருப்பவை நான்கு உள்ளங்கைகள். அந்தப் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. அதற்கு ஓர் எல்லை உண்டு. வளைவிலே திரும்புவதற்கும், முன்னே தள்ளுவதற்கும், வேகத்தைக் குறைப்பதற்கும் அந்த ஒரே சம்பளத்திலிருந்துதான் செலவு செய்ய வேண்டும். முழுவதையும் வீட்டு வாடகைக்குக் கொடுத்துவிட்டால் அரிசிக்கு எதுவும் மிஞ்சாது. திரும்புவதற்கே பிடிமானம் முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும்போது அக்சிலேற்றரை அழுத்தினால், பின்சில்லுகள் பிடியிழந்து வண்டியின் பின்புறம் வெளியே வீசப்படும். பயந்து காலைச் சடுதியாக எடுத்தாலும் தப்புவது அரிது. பாரம் முன்னே சாய, பின்சில்லுகள் மேலும் இலேசாகி அதே சுழற்சி நிகழும். எழுபது குதிரைவலுவுள்ள சிறிய காரில் இத்தவறைச் செய்வதற்குச் சற்று முயல வேண்டும். நானூறு குதிரைவலுவுள்ள காரிலோ, பெருவிரல் சிறிதளவு கீழே சென்றாற் போதும். ஈரம், உதிர்ந்த இலை, குளிர்ந்த ரயர் என்பன சேர்ந்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

"இக்காலக் கார்களில் எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளுமே" என்று இளைஞர் கூறக்கூடும். வழுக்கும் வண்டியின் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே பிறேக் பிடித்து நேராக்கும் மின்னணுக் கருவி 1995ஆம் ஆண்டு மெர்சிடிஸ் கார்களில் அறிமுகமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயமாகும். அது எண்ணற்ற உயிர்களைக் காத்த அருங்கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கருவியும் அந்த நான்கு உள்ளங்கைகளைக் கொண்டே வேலை செய்ய வேண்டும். இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. மேலும், வலுமிக்க கார்கள் பலவற்றில் அதன் தலையீட்டைக் குறைப்பதற்கோ நிறுத்துவதற்கோ ஒரு பொத்தான் உண்டு. அந்தப் பொத்தானைத் தேடி அழுத்துவதுதான் வீரம் என எண்ணுவோரும் உளர்.

அனுபவம் இருந்தால் போதுமா? "ஃபாஸ்ட் அன்ட் ஃபியூரியஸ்" திரைப்படங்களை விரும்பிப் பார்க்கும் மாணவர்கள் நடிகர் போல் வாக்கரை அறிவார்கள். 2013 நவம்பர் 30ஆம் நாள் கலிபோர்னியாவில் அவர் உயிரிழந்தார். அப்போது அவர் ஓட்டியவரல்லர், பக்கத்தில் அமர்ந்திருந்தவர். ஓட்டியவர் அவருடைய நண்பர், கார்ப் பந்தயங்களில் பங்குபற்றிய அனுபவசாலி. அவரும் அங்கேயே மாண்டார். அது ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உருவாகிய போர்ஷே கரேரா ஜீ.ரி. என்ற கார், அறுநூறுக்கு மேற்பட்ட குதிரைவலுவுடையது, மேலே சொன்ன மின்னணுக் கருவி அற்றது. மணிக்கு 72 கிலோமீற்றர் எல்லையுடைய வீதியில் அது 129 முதல் 150 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியதாகவும், அதன் ரயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்றும், இயந்திரக் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்றும் 2014இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. மதுவும் இல்லை, போட்டியும் இல்லை. பந்தய ஓட்டுநருக்கே அடங்காத ஒன்று, நேற்று அனுமதிப்பத்திரம் பெற்ற நம் பிள்ளைக்கு அடங்குமா?

"கார் கட்டுப்பாட்டை இழந்தது" என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மாணவர்களே, இவ்வாக்கியத்தின் எழுவாய் எது? கார். ஆனால் காருக்குக் கட்டுப்பாடு எப்போது இருந்தது, அது இழப்பதற்கு? கட்டுப்பாடு இருந்தது சாரதியிடம், இழந்தவரும் அவரே. எழுவாயை மாற்றி எழுதும்போது பொறுப்பும் கைமாறிவிடுகிறது. இலக்கணப் பிழையற்ற இவ்வாக்கியத்தில் அறப்பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஜேர்மானிய நீதிமன்றங்கள் அந்த எழுவாயைச் சரியாக எழுதத் தொடங்கிவிட்டன. 2016 பெப்ரவரி 1ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், பேர்ளின் மாநகரின் குர்பூர்ஸ்ரென்டம் வீதியில் இரு இளைஞர் போட்டியிட்டு ஓடினர். ஒருவரின் கார் 225 குதிரைவலு, மற்றவரின் கார் 381 குதிரைவலு உடையது. சிவப்பு விளக்குகளைக் கடந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றர் வேகத்தில் அவர்கள் வந்தபோது, பச்சை விளக்கில் சந்தியைக் கடந்த 69 வயது முதியவர் ஒருவரின் வண்டி மோதப்பட்டு அவர் உயிரிழந்தார். 2017இல் பேர்ளின் நீதிமன்றம் இதனைக் கொலை என்றது. 2018இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 2019இல் மீண்டும் கொலை எனத் தீர்க்கப்பட்டது. 2020இல் கார்ல்ஸ்றூவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், மோதிய சாரதியின் மீதான கொலைத் தீர்ப்பை உறுதிசெய்தது. இதற்கிடையில் 2017 ஒக்ரோபர் முதல், வீதியில் ஓட்டப்போட்டி நடத்துவது மட்டுமன்றி, தனியொருவராக இயன்ற உச்ச வேகத்தை அடையும் பொருட்டு விதிகளை மீறிக் கண்மூடித்தனமாக ஓட்டுவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. உயிரிழப்பு நேர்ந்தால் பத்தாண்டு வரை சிறை, காரும் பறிமுதலாகலாம்.

இச்செய்தி தமிழருக்குப் புதியதா? திருவாரூர் வீதியில் தேரோட்டி வந்த இளவரசனின் சில்லில் ஒரு பசுங்கன்று அகப்பட்டதும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் நாம் சிறுவருக்குச் சொல்லும் கதை. மன்னனின் நீதியை வியக்கும் நாம், அவனுடைய துயரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. மணி ஒலித்தபின் தந்தைக்கு நீதி செய்ய முடிந்ததேயன்றி, கன்றையோ மகனையோ காக்க முடியவில்லை. தேரை மகன் கையில் கொடுக்கும் நாளிலே பெற்றவர் செய்யவேண்டியது என்ன என்பதே இக்காலப் பெற்றோருக்கு அக்கதை விடுக்கும் வினா.

நம்மவரின் ஆசையை நான் பழித்துரைக்க வரவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தலைமுறை நாம். பழைய ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடியதை நாம் கண்டிருக்கிறோம். சைக்கிளிலே நெல்மூட்டையையும் நோயாளியையும் ஏற்றிச் சென்றிருக்கிறோம். இங்கு வந்து உணவகங்களில் கோப்பை கழுவியும், இரவு வேளைகளில் துப்புரவுப் பணி செய்தும் பிள்ளைகளை ஆளாக்கிய பெற்றோர், "நான் காணாததை என் பிள்ளை காணட்டும்" என விரும்புவது இயற்கை. ஆனால் பிள்ளை காணவேண்டியது நெடிய வாழ்வையே. பதினெட்டாம் பிறந்தநாளுக்கு வலுமிக்க காரைத் தந்தையின் பெயரில் மாதத் தவணையில் வாங்கிக் கொடுப்பதும், திருமணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் ஸ்போர்ட்ஸ் காரை ஒருநாள் வாடகைக்கு எடுத்து அனுபவமற்ற இளைஞனிடம் திறப்பைக் கொடுப்பதும் அந்த விருப்பத்துக்கே பகையாகும். தான் ஒருபோதும் ஓட்டியறியாத காரை, ஊரார் பார்த்திருக்க, வீடியோப் படப்பிடிப்பாளரின் முன்னிலையில் ஓட்டுவதைவிட ஆபத்தான பரீட்சை வேறில்லை.

"அவனே உழைத்து வாங்குகிறான், நாம் எப்படித் தடுப்பது?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. நியாயமான கேள்வி. வளர்ந்த பிள்ளையைக் கட்டளையால் தடுக்க முடியாது. ஆனால் இந்நாட்டுச் சட்டமே ஒரு படிமுறையைக் காட்டுகிறது. இங்கே மோட்டார் சைக்கிளுக்கு 16 வயதில் 125 சீ.சீ., 18 வயதில் 35 கிலோவாற் என வலு படிப்படியாகவே அனுமதிக்கப்படுகிறது. காருக்கு அத்தகைய எல்லை இங்கில்லை. இத்தாலியில் புதிய சாரதிகள் ஓட்டும் காரின் வலுவுக்கு எல்லையுண்டு. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களிலும் அதிவலுக் கார்கள் புதியவர்களுக்குத் தடை. ஜேர்மனியும் இவ்வழியைப் பின்பற்றுதல் நலம் என்பது என் கருத்து. அதுவரை அந்த எல்லையை நம் குடும்பங்களே வகுத்துக்கொள்ளலாம்: முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சிறிய, வலுக்குறைந்த, நல்ல ரயர்களையுடைய கார்.

இன்னும் இரண்டு செய்யலாம். 17 வயதிலேயே அனுமதிப்பத்திரம் பெற்று, பதிவுசெய்யப்பட்ட துணையாளரை அருகில் இருத்தி ஓட்டும் ஒழுங்கு இங்குண்டு. அந்த ஓராண்டும் தந்தையோ தாயோ கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு, மழையிலும் இருளிலும் பிள்ளையின் அருகில் இருப்பாராக. அடுத்து, ஏ.டி.ஏ.சி. போன்ற அமைப்புகள் நடத்தும் பாதுகாப்புப் பயிற்சித் திடல்களில், ஈரத்தளத்தில் காரை வழுக்கவிட்டு மீட்கப் பழக்குகிறார்கள். பிறந்தநாளுக்கு அந்த ஒருநாள் பயிற்சியைப் பரிசளியுங்கள். எவ்வளவு சிறிய வேகத்தில் பிடிமானம் போய்விடுகிறது என்பதை உடலால் உணர்ந்த பிள்ளைக்கு நம் அறிவுரை பாதி தேவையில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களிற் பலர் இன்னும் வண்டி ஓட்டும் வயதை அடையவில்லை. ஆனால் நண்பரின் காரில், அண்ணனின் காரில், மைத்துனரின் காரில் பின்னிருக்கையில் ஏறுபவர்கள் நீங்கள்தாம். போல் வாக்கர் இருந்ததும் பயணியின் இருக்கையிலேயே. ஆகவே நீங்கள் இன்றே கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு: "மெதுவாகப் போங்கள், இல்லையேல் நிறுத்துங்கள், நான் இறங்குகிறேன்" என்று சொல்லுதல். தமிழில் சொன்னாலும் சரி, ஜேர்மன் மொழியில் சொன்னாலும் சரி. சிரிப்பார்கள், "பயந்தாங்கொள்ளி" என்பார்கள். சிரிப்பு ஒரு நிமிடத்தில் மறையும். வீட்டுக்குத் தொலைபேசி எடுங்கள். எந்த நேரமாயினும் வந்து ஏற்றிச்செல்ல வேண்டியது பெற்றோர் கடன். அழைத்ததற்காக அன்றிரவு பிள்ளையை ஏசாதிருப்பதும் அவர்கள் கடனே.

வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். மென்மையான மயிலிறகாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று அங்கே உணர்த்துகிறார். தன் வலியையும், ஏறியிருக்கும் வண்டியின் வலியையும், வீதியின் வலியையும் அறிந்து நடப்பவனே அறிவுடையோன். தமிழ் மரபில் தேரால் என்றும் புகழ்பெற்றவன் பாரி. அவன் புகழ்பெற்றது தேரை விரைந்து ஓட்டியதால் அன்று, ஒரு முல்லைக்கொடிக்காக அதனை நிறுத்தியதால். பெற்றோர்களே, நிறுத்தத் தெரிந்த பிள்ளைகளை வளர்ப்போம். இன்று மேடையேறும் அத்தனை செல்வங்களும் அடுத்த ஆண்டு விழாவிலும், அதற்கடுத்த ஆண்டு விழாக்களிலும் நம்மோடு நிறைந்திருக்க உளமார வாழ்த்துகின்றேன்.