சொன்னதையெல்லாம் கேட்ட சிண்ட்ரெல்லா



சிண்ட்ரெல்லாவின் கதையை அறியாதவர் நம்மில் யார்? 1697-ஆம் ஆண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ, கண்ணாடிக் காலணியோடு அக்கதையை அச்சில் தந்தார். அன்று முதல் அவள் வீடு பெருக்குகிறாள், பாத்திரம் துலக்குகிறாள், மாற்றாந்தாய் ஏவியதையெல்லாம் செய்கிறாள். ஏன் செய்கிறாள் என்று நாம் கேட்டதுண்டா?

அமெரிக்க எழுத்தாளர் கெயில் கார்சன் லெவின் கேட்டார். 1997-இல் வெளிவந்த ‘எலா என்சான்டட்’ என்னும் அவரது நாவலே அதற்கு விடை. லூசிண்டா என்ற தேவதை, பிறந்த குழந்தை எலாவுக்குக் கீழ்ப்படிதலைப் பரிசாக அளிக்கிறாள். அதன்பின் யார் எதைச் சொன்னாலும் எலா செய்தே தீரவேண்டும். பின்னாளில் மாற்றாந்தாயின் மகளாக வரும் ஹாட்டி இதைக் கண்டுகொண்டு, உயிர்த்தோழியின் நட்பையே விட்டுவிடச் சொல்கிறாள். பரிசு சாபமாகி விடுகிறது.

பத்தாம் வகுப்பில் இந்நூலை முறைவைத்துப் படித்த நாங்கள் இரு கட்சிகளாகப் பிரிந்தோம். “பெரியோர் சொல்லைத் தட்டச் சொல்லும் நூல் இது” என்றனர் சிலர். “இல்லை, சொந்த மனம் வேண்டும் என்கிறது” என்றனர் சிலர். கடைசி அத்தியாயத்தைப் படித்தபின் எங்களில் பலர் இரண்டாம் கட்சிக்கு வந்துவிட்டோம்.

எலா எப்போது சாபத்தை வெல்கிறாள்? தான் நேசிக்கும் இளவரசன் ‘என்னை மணந்துகொள்’ என்று கேட்கும்போது. மணந்தால், தீயவர் தன்னை ஏவியே அவனைக் கொல்லக்கூடும் என்று அஞ்சி, ‘மாட்டேன்’ என்கிறாள். அன்பினால் பிறந்த மறுப்பு அது. ஆகவே இந்நூல் பணிவைப் பழிக்கவில்லை. மறுக்க இயலாதவளின் பணிவு பணிவே ஆகாது என்கிறது.

இக்கேள்வி அயல்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் கண்டாச்சிபுரத்தை அடுத்த திருக்கோவிலூரில், தென்பெண்ணையாற்றில் கபிலர் குன்று நிற்கிறது. பாரி இறந்தபின் அவன் மகளிரை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் கபிலர் வேண்டினார், அவர்கள் இசையவில்லை. கபிலரின் அன்பைப் போற்றுகிறோம். ஆனால் அம்மகளிர் என்ன விரும்பினர்? புறநானூற்றின் 112-ஆம் பாட்டில் தந்தையையும் குன்றையும் இழந்த துயரை அவர்களே பாடுகின்றனர். மணத்தைப் பற்றி அவர்கள் மனம் என்ன என்று, நாம் கேட்டு வளர்ந்த கதையில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கதையையும் நம்மில் ஒருத்தி புதிதாக எழுத வேண்டும்.

‘சொன்ன பேச்சைக் கேட்கும் பெண்’ என்பதே நமக்குக் கிடைக்கும் முதல் பாராட்டு. நல்லதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டியே பழகியவள், ‘படிப்பை நிறுத்து’ என்றாலும், 18 வயது நிரம்புமுன் ‘கழுத்தை நீட்டு’ என்றாலும், தகாதவன் ‘வா’ என்றாலும் வாயடைத்து நிற்பாளே!

பெரியோர்களே, ‘ஆகட்டும்’ என்ற சொல்லை எங்களுக்குக் கற்றுத் தந்தீர்கள். ‘மாட்டேன்’ என்ற சொல்லையும் கற்றுத் தாருங்கள். அப்போதுதான் நாங்கள் சொல்லும் ‘ஆகட்டும்’ மெய்யான கீழ்ப்படிதலாக இருக்கும்.