நுரை அடங்கினாலும் கிணற்றில் உப்பு இருக்கும்

மழை பெய்து நொய்யலில் தண்ணீர் வந்தால், வெள்ளை நுரை மிதக்கும் படமும் செய்தியில் வந்துவிடுகிறது. நுரையும் சாயமும் கண்ணுக்குத் தெரிவதால் நம் கோபம் அவற்றின் மேல் போகிறது. ஆனால் உங்கள் நிலத்தைப் பல ஆண்டுகளுக்குக் கெடுப்பது கண்ணில் படாத உப்புதான்.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சோடிய உப்பை நிறையச் சேர்க்கிறார்கள். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு கழிவுநீரோடு வெளியேறிவிடும். சாக்கடைக் கழிவையாவது நுண்ணுயிர்கள் நாளடைவில் மட்கச் செய்யும். உப்பு மட்காது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில் சாயக்கழிவு தேங்கும் இடமானது. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதியை நிறைவேற்றாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவசியமான உத்தரவுதான். ஆனால் ஏற்கெனவே நிலத்தடிக்குப் போன உப்பு, நல்ல மழைநீர் இறங்கிக் கரைத்துத் தள்ளினால்தான் குறையும்.

எனவே ஆற்றோரம் கிணறு உள்ளவர்கள் விதைக்கு முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடித்தால் போதும். மருந்து, உரம் இருந்த பாட்டில் வேண்டாம். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பார்ப்பது நல்லது.

அறிக்கையில் மின்கடத்தும் திறன் 0.7 டெசிசைமன் வரை இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் சின்ன வெங்காயம், பீன்ஸ், கேரட் பக்கம் போகாதீர்கள். பருத்தி ஓரளவு தாங்கும்.

ஜிப்சம் பற்றி ஒரு வார்த்தை. உப்புத் தண்ணீர் என்றாலே மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கிப் போடுகிறார்கள். சோடியத்தால் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் நின்றால் அது உதவும். அப்போதும் வெளியேறும் சோடியத்தைக் கழுவ வடிகாலும் நல்ல தண்ணீரும் வேண்டும். மொத்த உப்பு மட்டுமே அதிகம் என்றால் ஜிப்சம் அதைக் குறைக்காது, பணம்தான் போகும். அறிக்கையில் சோடிய அளவைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சொட்டுநீர் போட்டிருந்தால், ஈரம் படரும் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். லேசான தூறல் அதை வேருக்கே இழுத்து வந்துவிடும். தூறலின்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.