வெளிக்கொணர்தல் என்னும் பொய்

எஜுகேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் வெளிக்கொணர்தல் என்று அர்த்தமாம். குழந்தைக்குள் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, ஆசிரியர் அதை வெளியே எடுத்தால் போதுமாம். பட்டமளிப்பு உரைகளிலும், பி.எட். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் கையேடுகளிலும், இப்போது நம் இலக்கிய மேடைகளிலும் இந்தப் பிரசங்கம் ஓய்ந்தபாடில்லை. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு.

லத்தீனில் இரண்டு வினைகள் உண்டு. ஏடூகெரே என்றால் வெளியே கொண்டுவருதல். ஏடுகாரே என்றால் பேணி வளர்த்தல். எஜுகேஷன் பிறந்தது இரண்டாவதிலிருந்து. முதலாவதின் பிள்ளை இடக்‌ஷன் என்ற வேறொரு ஆங்கிலச் சொல். அகராதியின் மூலையில் சீந்துவாரற்றுக் கிடக்கிறது. இரண்டு வினைகளும் ஒரே வேரின் கிளைகளாக இருக்கலாம். லத்தீன் எழுத்தாளர்கள் சில இடங்களில் ஏடூகெரேயையே வளர்த்தல் என்ற பொருளில் போட்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. அங்கேயும் பிள்ளையை வளர்ப்பதுதான் பேச்சு. பிள்ளைக்குள் புதைந்து கிடக்கும் திறமையைத் தோண்டுவது அல்ல. கையேடுகள் ஏடுகாட்டும் என்று மூன்றாவது மூலம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கின்றன. அது ஏடுகாரேயின் இன்னொரு வடிவம். 'படி' ஒரு மூலம், 'படித்த' மற்றொரு மூலம் என்று சொல்வது மாதிரி. (ஏடு என்ற ஒலியைப் பிடித்துக்கொண்டு, இது தமிழ்ச் சொல்லேதான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த வார்ரோ இந்த வினைகளை ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டிருக்கிறார். வெளியே எடுப்பது மருத்துவச்சியின் காரியம். ஏடுகாரே செவிலித்தாயினுடையது. பழக்குகிறவன் பையனோடு கூடவே போய்வருபவன், போதிப்பவர் வாத்தியார். வாத்தியார் வருவதற்கு வெகு முன்பே செவிலி வேலையைத் தொடங்கிவிடுகிறாள். பிரெஞ்சுக்காரர்கள் பட்டுப்புழு வளர்ப்பையும் இதே சொல்லால்தான் குறித்தார்கள். இலை போடாமல் எந்தப் புழுவிடமிருந்தும் யாரும் பட்டை வெளிக்கொணர்ந்ததில்லை.

சொல்லின் பிறப்பை வைத்து அதன் இன்றைய அர்த்தத்தைத் தீர்மானிக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. சொல்லுக்கு அர்த்தம் புழக்கத்தில் இருக்கிறது. நம் விமர்சகர்களில் சிலர் கவிதை பற்றி எழுத உட்கார்ந்தால், கிரேக்கத்தில் பொயஸிஸ் என்றால் செய்தல் என்று ஆரம்பித்து, எதிரே கிடக்கும் கவிதையைப் படிக்காமலேயே முடித்துவிடுகிறார்கள். வேர்ச்சொல் அவர்களுக்குச் சிந்தனைக்கு மாற்று. நான் அந்த வியாபாரத்துக்கு வரவில்லை. இந்தப் பொய் வேர் யாருக்கு என்ன காரியம் செய்துகொடுக்கிறது என்பதே என் கேள்வி.

மூரியல் ஸ்பார்க் 1961-இல் வெளியிட்ட மிஸ் ஜீன் பிராடி நாவலில் இதைப் பார்த்துவிட்டார். பிராடி டீச்சரும் இந்த 'வெளிக்கொணர்தல்' வியாக்கியானத்தைத்தான் பெருமையாகச் சொல்கிறாள். அவள் வெளியே எடுப்பதோ தானே உள்ளே வைத்ததை. முஸோலினி மீதான தன் மோகத்தை மாணவிகளுக்கு ஊட்டுகிறாள். அவள் தூண்டுதலால் ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பெண் செத்துப்போகிறாள். திணிக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறவர், தான் திணித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

ஊட்டாமலே இருப்பவருக்கும் இந்தப் பொய் சௌகரியம். எல்லாம் உள்ளேயே இருக்கிறதென்றால், வெளியே வராததற்கு யார் பொறுப்பு? பிள்ளைதான். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பையன் தோற்றால், அவனுக்குள் சரக்கில்லை என்று கைகழுவிவிடலாம். ஆசிரியர் தப்பித்தார், பள்ளிக்கூடம் தப்பித்தது, சர்க்காரும் தப்பித்தது. வளர்த்தல் என்று சொல்லிவிட்டாலோ, என்ன ஊட்டினாய், எவ்வளவு ஊட்டினாய், யாருக்கு ஊட்டாமல் விட்டாய் என்று கேள்விகள் வந்துவிடும். மேடைகள் லத்தீனுக்குள் ஓடி ஒளிவது இந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான்.

1956-இல் சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. சோறு போடுவதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எஜுகேஷனுக்கு லத்தீனில் அர்த்தம் சொல்பவர்களும் அவர்களே.