ஊருக்கு மஞ்சள் பை, நமக்கு மட்டும் காரா?



சென்ற மாதம் ஒரு நாள், ஓமந்தூரில் பெட்டிக்கடை நடத்தும் அன்பர் ஒருவர், திண்டிவனத்திலுள்ள நமது மொத்தக் கடைக்குச் சரக்கு எடுக்க வந்தார். ஓமந்தூர் நாம் பிறந்த ஊர். ஆகவே நம்மிடம் உரிமையோடு பேசுவார். பிளாஸ்டிக் பை கேட்டார். 2019 சனவரி 1 முதல் அது தமிழகத்தில் தடை செய்யப்பட்டிருப்பதை நினைவூட்டி, மஞ்சள் பை கொண்டு வரக்கூடாதா என்று சற்று நீளமாகவே அறிவுரை சொன்னோம். அவர் சிரித்தபடி, "மொதலாளி, பைக்குக் கணக்குப் பாக்குறீங்க. வாரா வாரம் தனி ஆளா காரை எடுத்துக்கிட்டு மெட்ராஸ் போறீங்களே, அதுக்கும் ஒரு கணக்குப் போடுங்களேன்" என்றார். கடைப் பையன்கள் முன்னால் கேட்டதால் முதலில் கோபம்தான் வந்தது. இரவு படுத்த பிறகு, அவர் கேட்டதில் தவறில்லை என்று பட்டது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கார் ஓட்டுவது நமக்குப் பிடிக்கும். முப்பது ஆண்டுகள் சரக்கு லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் தூங்கி வழிந்தபடி ஊர் ஊராய்ப் போனவர் நாம். ஐம்பது வயதுக்கு மேல்தான் சொந்தக் கார் வந்தது. ஞாயிறு விடியற்காலையில் மரக்காணம் பக்கம் வண்டியை விட்டால் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். கழுவெளியில் பறவைகள் இறங்கியிருக்கும். 2021 டிசம்பரில் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நாமும் ஒருவர். இயற்கையும் வேண்டும், அதைப் பார்க்கப் போகும் காரும் வேண்டும் என்பதே நம் நிலை.

ஆனால் இயற்கை சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. நமது கிடங்கில் முழங்கால் அளவு தண்ணீர். அடி வரிசைத் துவரம்பருப்பு மூட்டைகள் வீணாயின. ஒரு புயலை ஒரு காரின் தலையில் கட்ட முடியாதுதான். ஆயினும் கடல் சூடேறச் சூடேறப் புயல்கள் கூடுதல் மழையைக் கொண்டு வருகின்றன என்று அறிவியலார் சொல்கின்றனர். அந்தச் சூட்டுக்குப் பெரும் காரணம் எரிபொருள் புகை. அதில் நம் பங்கும் கொஞ்சம் உண்டு.

ஆகவே பெட்டிக்கடை அன்பர் சொன்னபடி கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் அதிலிருந்து சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நமது கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தருகிறது. 2025 கோடையில் குடும்பத்தோடு ஐந்து பேர் ஊட்டிக்குப் போய் வந்தோம். ஏறத்தாழ 850 கிலோமீட்டர், 53 லிட்டர், 122 கிலோ வாயு. அரிசிச் சிப்பம் ஐந்தின் எடை! ஆளுக்கு ஒரு சிப்பம்.

சென்னைக்குப் போய் வர 240 கிலோமீட்டர், 15 லிட்டர், 34 கிலோவுக்கு மேல். அதுவும் ஒற்றை ஆளுக்கு. ஆண்டுக்கு 52 முறை என்றால் 780 லிட்டர். வாயு சுமார் 1.8 டன். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 78,000 ரூபாய். சுங்கக் கட்டணம் தனி.

இதைப் பார்த்துத் திகைத்துப் போனோம். குற்ற உணர்வோடு நினைத்துக்கொண்டிருந்த ஊட்டிப் பயணம் சிறிய பற்று. இன்பமே இல்லாமல், நெரிசலில் எரிச்சலோடு ஓட்டிய சென்னைப் பயணங்கள்தான் பெரிய பற்று! அவற்றில் பாதி, தொலைபேசியில் முடிந்திருக்கக் கூடிய வேலை.

இங்கே நம் சங்க அன்பர்கள் சிலருக்குக் கசக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் அந்தக் கோடைக்கு ஊட்டியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அதை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் வயிற்றுப்பாடு நமக்குப் புரியாததல்ல. இரண்டு மாதச் சீசனை நம்பி ஆண்டு முழுவதும் கடன் வாங்கும் தொழில் அது. ஆனால் கிடங்கு கொள்ளும் அளவுக்கு மேல் மூட்டை அடுக்கினால் சுவர் தாங்காது என்பது எந்த வணிகருக்குத் தெரியாது? மலையும் அப்படித்தான். அரசுப் பேருந்துகளுக்கு அந்த வரம்பு இருக்கவில்லை. பேருந்தில் வருகிறவரும் தேயிலை வாங்குவார், வர்க்கி வாங்குவார். ஆகவே வரம்பை நீக்கு என்று கேட்பதைவிட, பேருந்தைப் பெருக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலைக் கூடுதலாக விடு என்று கேட்பதே வணிகருக்கும் மலைக்கும் நல்லது என்பது நம் கருத்து.

"நாம் ஒருவர் குறைத்தால் உலகம் குளிர்ந்துவிடுமா?" என்று சிலர் கேட்கலாம். பிளாஸ்டிக் தடை வந்தபோது நாமும் அப்படித்தான் கேட்டோம். இன்று மஞ்சள் பை மீண்டும் பல கடைகளில் தொங்குகிறது.

நாம் செய்திருப்பது இவ்வளவே. மாதத்தில் இரண்டு சென்னை வேலைகளைத் தொலைபேசியிலேயே முடிக்கிறோம். மற்ற இரண்டுக்கும் திண்டிவனத்தில் ரயில் ஏறுகிறோம். கிராமக் கடைகளுக்குத் தனித்தனியாக ஓடிய வேன், ஒரே சுற்றில் எல்லாக் கடைக்கும் இறக்கி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் பயணத்தை மட்டும் விடவில்லை. வாரந்தோறும் போனது மாதம் ஒருமுறை ஆயிற்று; காரில் காலி இருக்கை இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். எப்போதாவது போவதால் பறவைகளைக் கூடுதல் நேரம் நின்று பார்க்கிறோம்.

நாட்டு விடுதலையின்போது மாகாண முதலமைச்சராக இருந்தும் எளிமையை விடாத ஓமந்தூரார் பிறந்த மண் எங்கள் மண் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். அவரைப் போல் வாழ நம்மால் ஆகாது. பற்றைப் பற்றாகவும் வரவை வரவாகவும் ஒளிக்காமல் எழுதுவதாவது வணிகர்களாகிய நம்மால் ஆகும். அன்பர்களே, இந்த மாதம் கடைக் கணக்கு முடிக்கும்போது, கார்க் கணக்கையும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.