கனடாவில் கார் திருட்டு: தொழில்நுட்பத்தின் வேகமும் சட்டத்தின் தாமதமும்

கனடாவின் ரொறன்ரோ நகரில் 2024-இல் நடந்த பொதுக் கூட்டமொன்றில் பொலிஸ் அதிகாரி ஒருவர் வழங்கிய ஆலோசனை பலரையும் திகைக்க வைத்தது. காரைத் திருடுவதற்காக வீட்டுக்குள் புகுபவர்களால் தாக்கப்படாமல் இருக்க வேண்டுமானால், கார் சாவியை முன்வாசலருகே வைத்துவிடுங்கள் என்பதே அது. அவர் நல்லெண்ணத்தில் கூறினார், ஆனால் வேறு வழிகளும் உண்டு என்று பொலிஸ் துறை பின்னர் விளக்கமளித்தது.

இந்த நிலைக்குப் பின்னணியில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு இருக்கிறது. சாவியிலுள்ள சிப்பின் இரகசியக் குறியீடு பொருந்தாவிட்டால் காரை இயங்கவிடாத இம்மொபிலைசர் கருவி, கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் திருட்டும் குறைந்தது. ஆனால், சட்டைப்பையில் சாவி இருந்தாலே கதவு திறக்கும் வசதி பரவியபோது நிலைமை மாறியது.

சாவி அருகில் இருக்கிறதா என்பதை இத்தகைய கார்களில் பல, வானொலி சமிக்ஞை எட்டுகிறதா என்பதைக் கொண்டே ஊகிக்கின்றன. ஒரு திருடன் வீட்டுக் கதவருகிலும் மற்றவன் காரருகிலும் கருவியுடன் நின்றால், உள்ளே மேசையில் கிடக்கும் சாவியின் சமிக்ஞை கார்வரை கடத்தப்படுகிறது. இங்கே குறியீடு உடைக்கப்படவில்லை. உண்மையான சாவியே உண்மையான பதிலைத் தருகிறது. முகப்பு விளக்கின் கம்பிகள் வழியே காரின் உள் வலையமைப்புக்குள் போலிக் கட்டளை அனுப்பும் முறையொன்றையும் ஆய்வாளர்கள் 2023-இல் விளக்கினர்.

மாற்று வழி இல்லாமலில்லை. அல்ட்ரா வைட்பேண்ட் முறை, சமிக்ஞை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறது. சமிக்ஞையின் வலுவைத் திருடர்கள் கூட்டலாம். பயண நேரத்தைக் குறைக்க முடியாது. புதிய கார்கள் சிலவற்றில் இது வந்துவிட்டது. சாலையில் ஓடும் பழைய கார்களுக்கு இதனால் பயனில்லை.

2024 பெப்ரவரியில் ஒட்டாவா மாநாட்டையொட்டி, ஃபிளிப்பர் ஜீரோ என்ற சிறு கருவியைத் தடைசெய்யப்போவதாக அரசு அறிவித்தது. அக்கருவியால் இவ்வகைத் திருட்டைச் செய்ய இயலாது எனப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வாதிட, அரசு பின்னர் தன் நிலையைத் தளர்த்தியது. கார்களுக்கான பாதுகாப்புத் தரத்தையே புதுப்பிப்பதாகவும் அந்த ஆண்டில் வாக்குறுதி வந்தது.

2024-இல் திருட்டுகள் குறைந்தன என்றாலும், 2023-இல் மட்டும் காப்புறுதி இழப்பீடு 150 கோடி கனேடிய டாலரைத் தாண்டியிருந்தது. இச்சுமை காரைத் தயாரித்தவர்களிடம் செல்லவில்லை. களவுபோன காருக்குப் பதில் இன்னொரு கார் விற்பனையாவது அவர்களுக்கு இலாபமே. தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்காபுரோவும் மார்க்கமும் அடங்கிய ஒன்ராறியோவில், அதிகம் திருடப்படும் ரகங்களுக்குச் சில காப்புறுதி நிறுவனங்கள் மேலதிகக் கட்டணம் விதித்தன. கண்காணிப்புக் கருவி பொருத்தினால் அக்கட்டணம் இல்லை. ஆனால், அக்கருவி உதவுவது கார் களவுபோன பிறகு அதைத் தேடுவதற்குத்தான்.