எட்டு நாள் அடைக்கலம்

மகாராஷ்டிர சட்டமன்றத்தில் 2021 மார்ச் 2 அன்று ஏழைகளின் மின்சாரம் பற்றிப் பேச்சு எழுந்தது. ஊரடங்கின்போது மீட்டர் பார்க்க ஆள் வரவில்லை. சராசரிக் கணக்கில் பில் போட்டார்கள். பிறகு மொத்தமாக வந்த தொகையைக் கண்டு குடும்பங்கள் திகைத்துப்போயின. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த தேவேந்திர ஃபட்னவிஸ் அவையில் பிரச்சினையைக் கிளப்பினார். விவாதம் முடியும்வரை இணைப்புகள் துண்டிக்கப்படாது என்று அப்போதைய துணை முதல்வர் அஜித் பவார் அறிவித்தார். கூட்டத்தொடரின் கடைசி நாளான மார்ச் 10 அன்று எரிசக்தி அமைச்சர் நிதின் ராவுத் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார். ஆக, அடைக்கலம் எட்டு நாள்தான்.

அந்த எட்டு நாளும்கூட எட்டாத மனிதர்கள் சாகண் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். புனே-நாசிக் நெடுஞ்சாலையில் உள்ள இந்த ஊர் ஒருகாலத்தில் வெங்காயச் சந்தைக்குப் பெயர் பெற்றது. சந்தை இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றி வாகனத் தொழிற்சாலைகள் வளர்ந்துவிட்டன. மராத்வாடாவிலிருந்தும் பிகார், உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் வரிசை வரிசையான வாடகை அறைகளில் வசிக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் புனே வட்டாரத்து இரவு வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்குவது உண்டு. தகரக் கூரைக்கு அடியில் அது இன்னும் உறைக்கும்.

இவர்கள் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் கேட்கவில்லை. விடியற்காலை ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு வாளி வெந்நீர், குழந்தைக்குக் காய்ச்சிய பால், இரவில் ஒரு விளக்கு - குளிர்காலத் தேவை இவ்வளவுதான். மின்சாரமும் எரிவாயுவும் இல்லாவிட்டால் விறகையும் கரியையும் மூட்ட வேண்டும். அடைத்த அறைக்குள் கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

சிக்கல் மீட்டரில் இருக்கிறது. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில்; பணம் குடியிருப்பவருடையது. மின்சாரச் சட்டம் (2003) 56வது பிரிவின்படி, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் 15 நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். அதைப் பெறுபவர் பாக்கிதாரர். தொகையில் தகராறு என்றால், ஆட்சேபத்துடன் அதைக் கட்டலாம். அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரியைக் கட்டலாம். இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் இணைப்பைத் தொடக் கூடாது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் வாடகையோடு கரண்ட் காசையும் ஒழுங்காகக் கொடுத்தவருக்கு, வீட்டுக்காரர் பாக்கி வைத்திருக்கும் சேதியே விளக்கு அணைந்த பிறகுதான் தெரிகிறது.

இதே சட்டத்தின் 43வது பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அங்கே குடியிருப்பவரும் மின் இணைப்புக் கோரலாம் என்கிறது. சட்டத்தில் இருக்கும் அந்த ஒரு சொல் சாகண் அறைகளுக்குள் இன்னும் நுழையவில்லை. எரிவாயுவில் நிலைமை சற்றுப் பரவாயில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் முகவரிச் சான்றுக்குப் பதிலாகச் சுய உறுதிமொழி தந்தாலே போதும். அடுப்புக்குச் செய்ய முடிந்ததை விளக்குக்கும் செய்யலாம்.

கடுங்குளிர் நாடுகள் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. பிரான்சில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, பாக்கி இருந்தாலும் குடியிருக்கும் வீட்டின் மின்சாரத்தையோ எரிவாயுவையோ துண்டிக்கக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பணமுடையில் இருக்கும் குடும்பங்களுக்கு நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை இத்தகைய பாதுகாப்பு உண்டு. கடன் தள்ளுபடி ஆவதில்லை. வசூல் மட்டும் வசந்தம் வரை காத்திருக்கிறது. யாருடைய மனம் இளகியது என்பதைப் பொறுத்ததல்ல அது. தேதி குறித்த உரிமை.

மகாராஷ்டிர சட்டமன்றம் வழக்கமாக டிசம்பரில் நாகபுரியில் கூடுகிறது. அதற்குப் பெயரே குளிர்காலக் கூட்டத்தொடர். துண்டிக்குமுன் குடியிருப்பவருக்கும் நோட்டீஸ், தன் பங்கைக் கட்ட அவருக்கு ஒரு வாய்ப்பு, டிசம்பர், ஜனவரி இரண்டு மாதங்களுக்கு விலக்கு என்று மூன்றை மட்டும் அங்கே ஓர் உறுப்பினர் கேட்கலாம். அரசின் கஜானாவுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கூட்டத்தொடர் முடிந்த மறுநாளும் சாகணில் விளக்கு எரியும்.